தொட்டி வளைவும் எண்ணெய்த் தகரமும்

என் வீட்டுக்காரர் டக்ளஸ், எஸ்டேட் ஃபேக்டரியில் இலை உருட்டும் மெஷின் பக்கத்திலேயே இருபத்திரண்டு வருஷம் நின்றவர். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காது பாதி. பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் மனுஷர் துள்ளி விழுவார். அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே சிலர் தொடுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பொன்னாயி அக்கா மட்டும் அப்படி வரமாட்டார். டக்ளஸிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பாதையை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் சுற்றிப்போய், அவர் கண்ணுக்கு எதிரே கொஞ்ச தூரத்தில் நின்று, தலைப்பைச் சரிசெய்வதுபோல் கையை அசைப்பார். அவர் பார்த்த பிறகுதான் கிட்டே வருவார். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கே இது இரண்டு வருஷம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

"எதுக்குங்கக்கா செடிக்குள்ள இப்படிச் சுத்தறீங்க?" என்று கேட்டேன்.

"செருப்புல சேறு ஒட்டிருச்சு புள்ள. புல்லுல தொடச்சுட்டு வந்தேன்" என்றார். செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

பொன்னாயி அக்கா இலங்கையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, எட்டு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். குன்னூருக்கு அப்பால் எங்கள் எஸ்டேட்டுக்கு மருமகளாக வந்து முப்பது வருஷம் ஆகிறது. வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீட்டை நாங்கள் லைன் வீடு என்றால் அவர் லயம் என்பார். காலையில் பேர் கூப்பிடும் மஸ்டரைப் பெரட்டு என்பார். புருஷன் தங்கையா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு அவரும் மகள் ராஜப்ரியாவும் மட்டும்தான். ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு ஜன்னல்.

எங்கள் லைனிலிருந்து வெளியே போக ஒரே ஒற்றையடிப் பாதை. தண்ணீர்த்தொட்டியை ஒட்டி வளைந்து மேல் ரோட்டுக்கு ஏறும். மஸ்டருக்கும், கடைக்கும், பஸ்ஸுக்கும், ஆஸ்பத்திரிக்கும், கோயிலுக்கும் அந்தத் தொட்டி வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலை. கீழே சதுப்பு. சதுப்பில் காட்டுமாடு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஜீப் அளவு.

மாடு எங்கே நிற்கிறது என்று சொல்வதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாடையை வைத்துச் சொல்வார், சாணியில் ஆவி வருவதை வைத்துச் சொல்வார், குருவி சத்தம் போடாமல் இருந்தால் அதை வைத்தும் சொல்வார். "தொட்டிச் சுவத்துல வெயில் விழுந்துட்டா மாடு சதுப்புக்கு எறங்கிரும்" என்பது அவர் கணக்கு. இருபது வருஷம் அந்தக் கணக்கு தப்பவில்லை. சூப்பர்வைசர் கீர்த்திவாசன் சார்கூட மஸ்டரில், "என்னங்க பொன்னாயி ரேடியோ, இன்னைக்கு நியூஸ் வாசிச்சாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எங்களைத் தேயிலை மலைக்கு அனுப்புவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் மாதம். காலை பதினோரு மணி. மழை விட்டு நல்ல வெயில். தொட்டி வளைவில் நாங்கள் ஆறு பேர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். ஏதோ பேச்சு, சிரிப்பு. அக்கா கொழுந்துக்குக் கையை நீட்டினார். அந்தக் கையில் சூடாக ஒரு மூச்சு பட்டது.

செடிக்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒற்றைக் காட்டுமாட்டுக் கடா எழுந்து நின்றது. அவ்வளவுதான். முட்டவில்லை, மிதிக்கவில்லை. அதுவும் பயந்திருக்கும். ஒரு முறை சீறிவிட்டு, கல்லுக்கட்டைத் தாண்டிக் கீழே குதித்துப் போய்விட்டது. நாங்கள் ஐந்து பேரும் கத்திக்கொண்டு ஓடினோம். அக்கா நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றிருந்தார். நான் போய் அந்தக் கையைக் கீழே இறக்கிவிட வேண்டியிருந்தது.

"வெயில் விழுந்துருச்சே, மெட்டில்டா... வெயில் விழுந்துருச்சே" என்றார். அன்று முழுக்க அதையே சொன்னார்.

மறுநாள் மஸ்டருக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கீர்த்திவாசன் சார் வீட்டுக்கே வந்து பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லீங்களே" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காயம்னா சர்ட்டிபிகேட் வாங்கி லீவு போட்டுரலாம். பயம்னு எழுத ஃபாரத்துல எடமே இல்லீங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். வேலை செய்கிறவர்களுக்குத்தான் லைன் வீடு. காரணம் இல்லாமல் நாள் கணக்கில் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள், வீட்டையும் காலி செய்ய வேண்டும். ராஜப்ரியா அப்போது பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. வீடு போனால் அந்தப் பெண்ணின் படிப்பும் அதோடு போகும். அக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் காலைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைக்க முடியவில்லை.

அப்போதுதான் நாங்கள் அந்த நல்ல காரியத்தைச் செய்தோம். மாட்டை விரட்ட எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தகரம். ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு நான் முன்னால் தட்டிக்கொண்டே போவேன். கூட வேலை செய்யும் சரிதாவும் ரேகாவும் அக்காவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள். டம் டம் டம் என்று கல்யாண ஊர்வலம் மாதிரி வளைவைத் தாண்டுவோம்.

"பொண்ணு அழைப்பு வருது, வழி விடுங்க!" என்று சரிதா கத்துவாள். அக்காவும் சிரித்துவிடுவார்.

பன்னிரண்டு நாள் வேலைக்கு வந்தார். நான் கோயிலில் சாட்சி சொன்னேன். கர்த்தர் தகரத்தைக் கொண்டே ஒரு ஆத்துமாவை எழுப்பினார் என்று பெருமையாகச் சொன்னேன். ஆனால் நடந்தது வேறு. முதலில் வளைவில் மட்டும் தகரம் கேட்டார். பிறகு கொழுந்து எடுக்கும் வரிசையிலும் தட்டச் சொன்னார். பிறகு சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "தகரம் பத்தரமா இருக்கா? யாருக்கும் குடுத்துராத" என்பார். நாளுக்கு நாள் பயம் கூடியதே தவிர குறையவில்லை. எனக்கு அது புரியவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.

பதின்மூன்றாம் நாள் என் தங்கைக்குப் பிரசவம் என்று விடியும்போதே குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்குப் போய்விட்டேன். அவசரத்தில் தகரத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். சரிதா கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறாள், வேறு ஒரு பாத்திரத்தைத் தட்டிக் காட்டியிருக்கிறாள். "அந்தச் சத்தம் இது இல்ல" என்று அக்கா வாசலிலேயே நின்றிருக்கிறார். மதியம் வரை நின்றவர் அங்கேயே சேலையை நனைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு பத்தடி தூரத்திலிருக்கும் குழாய்க்குக்கூட வரவில்லை. தகரத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் வந்தது, பொங்கல் வந்தது. அக்கா உள்ளேயே இருந்தார். ஜன்னலில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார். பகலிலும் பல்பு எரியும். தண்ணீரும் அரிசியும் எல்லாம் ராஜப்ரியாதான். குக்கர் சீறினால் மாட்டு மூச்சு மாதிரி இருக்கிறதென்று அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். "என் பேரைக்கூட மெதுவாக் கூப்பிடச் சொல்லுது அம்மா. புத்தகம் கீழ விழுந்தா அழுவுது. நான் எப்படிங்க ஆன்ட்டி படிக்கிறது?" என்று அந்தப் பெண் என் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள். ஜெபம் பண்ணு கண்ணு என்றேன். அன்று எனக்கே அந்தச் சொல் வாயில் கனமாக இருந்தது.

டக்ளஸ் ஒரு வேலை செய்வார். ஃபேக்டரியிலிருந்து வந்ததும் அக்கா வீட்டுக்கு எதிரே தூரமாக நின்று துண்டை அசைப்பார். சாக்கு கொஞ்சம் விலகும் வரை அசைப்பார். விலகிய பிறகு கிட்டே போய், டீக்குத் தொட்டுக்கொள்ள வாங்கிவந்த வர்க்கியை ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஜனவரி கடைசியில் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பிப்ரவரி மூன்றாவது திங்கட்கிழமைக்குள் மஸ்டருக்கு வரவில்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அக்கா அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினார். "டாக்டரப் பாருன்னு எல்லாரும் சொல்றீங்க. டாக்டர் வளைவுக்கு அந்தப் பக்கம்ல இருக்காரு" என்றார்.

எங்கள் சபைப் பெண் கெஸியா, குன்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் வேலை செய்கிறவள். அவளிடம் சொல்லி அழுதேன். அவள் ஞாயிறு மதியம் நடந்தே வந்தாள். பொன்னாயி அக்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கெஸியா மாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஆன்ட்டி, கொழுந்து எடுக்கறப்போ ஒவ்வொரு எலையாப் பாத்தா எடுக்கறீங்க?"

"பாத்து எடுத்தா அன்னைக்குக் கூடையே நெறையாதும்மா."

"அப்போ கை எப்படிப் போகுது?"

"கைக்குத் தெரியும். இங்க ஒண்ணு, அடுத்தது அங்கனு அதுபாட்டுக்குப் போகும்."

"நடுவுல ஒரு கம்பளிப்பூச்சி பட்டுச்சுன்னா?"

அக்கா கையை உதறினார். கேள்விக்கே உதறிவிட்டார்.

"பூச்சின்னு தெரிஞ்சு உதறுவீங்களா, உதறினப்புறம் தெரியுமா?"

அக்கா யோசித்தார். இரண்டு மாதத்தில் அவர் முகத்தில் பயம் தவிர வேறொன்றை அன்றுதான் பார்த்தேன். "ஒதறினப்புறந்தான்" என்றார்.

"மூளையும் உங்க கை மாதிரிதான் ஆன்ட்டி. எப்பவும் ஒரு எட்டு முன்னால போய், அடுத்தது இது வரும்னு சொல்லி வெச்சுக்கும். சொன்னபடி வந்தா அதக் கண்டுக்கவே கண்டுக்காது. மாறி வந்துச்சுன்னா ஒதறும். எவ்வளவு பெரிய மாத்தமோ அவ்வளவு கொட்டை எழுத்துல எழுதி வெச்சுக்கும். உங்களுது இருபது வருஷம் தப்பாம சொன்ன மூளை. அதனாலதான் ஒதறலும் பெருசு. உங்களுக்குப் பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "நாங்க பன்னண்டு நாள் கூட்டிட்டுப் போனோமே கண்ணு. ஒண்ணும் வரலையே. அத எழுதிக்கலையா?"

கெஸியா என் பக்கம் திரும்பினாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் பார்த்தாள். "எழுதிக்கிச்சு ஆன்ட்டி. தகரம் தட்டுனதால வரலைன்னு எழுதிக்கிச்சு. வளைவுல ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கவே இல்ல. தகரம் இல்லாத அன்னைக்கு வந்தே தீரும்னு ஆயிருச்சு."

என் கையைப் பார்த்துக்கொண்டேன். கதவைத் திறக்கிறேன் என்று பன்னிரண்டு நாளும் நான்தான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்போ என்ன பண்ணணும்?" என்று அக்கா கேட்டார்.

"மூளை ஏமாறணும். மாடு வரும் வரும்னு அது காத்து நிக்கணும், மாடு வரக்கூடாது. அதுவும் ஒரு அதிர்ச்சிதான் ஆன்ட்டி. ஒரு தடவை பத்தாது, திருப்பித் திருப்பி ஏமாறணும். அப்பத்தான் பழச அடிச்சுட்டுப் புதுசு எழுதும். பாதியில ஓடி வந்தீங்கன்னா, ஓடுனதாலதான் தப்பிச்சோம்னு அதையும் எழுதிக்கும்."

"மாடு நெசமாவே வந்துட்டா?"

"வரலாம். வராதுன்னு நான் சொல்லமாட்டேன், இது அது இருக்கற எடம். காலையில எஸ்டேட் வாட்சர் எல்லா மலையையும் பாக்கறாருல்ல, அது எல்லாருக்கும் உள்ள காவல், உங்களுக்கும் உண்டு. உங்களுக்குன்னு தனியாத் தகரம் வேண்டாம், கையப் புடிக்க வேண்டாம். எப்பவோ வர்றதுக்காக எப்பவும் உள்ளயே உக்காந்திருக்கீங்க ஆன்ட்டி."

"நான் கூடப் போய் ஜெபம் பண்ணலாமா?" என்றேன்.

"மனசுக்குள்ள பண்ணுங்க. உங்க சத்தம் கேட்டா அதுவே இன்னொரு தகரம் ஆயிரும்."

அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் உதட்டை மூடிக்கொண்டு கேட்டாலும் கர்த்தருக்குக் கேட்கும்தானே.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆரம்பித்தோம். கங்காணிக்கும் கீர்த்திவாசன் சாருக்கும் கெஸியா பேசி, எனக்குத் தினமும் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தாள். முதல் நாள் வாசற்படி. அக்கா அதில் நின்றார், அவ்வளவுதான். வியர்வை முழங்கையில் வழிந்து சொட்டியது. அரைமணி நேரம் கழித்து மூச்சு இறங்கியது. இரண்டாம் நாளும் படிதான். மூன்றாம் நாள் குழாய். நான்காம் நாள் குழாயிலிருந்து ஓடிவந்துவிட்டார், எல்லாம் முதலிலிருந்து. கெஸியா போனில், "பரவாயில்ல, திரும்ப" என்றாள். கொய்யாமரம் வரை போக ஒரு வாரம் ஆனது. வீட்டுக்குள் இருந்த பயத்தைவிட வெளியே நிற்கும் பயம் பெரிதாக இருந்தது. இரண்டு பயத்துக்கும் நடுவில் அந்த மனுஷி வற்றிப்போனார். ஒரு நாள் கொய்யாமரத்தடியில் நின்று, "வீடு போனாப் போகட்டும், என்ன விட்டுரு புள்ள" என்று கும்பிட்டார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து ராஜப்ரியா சத்தமாகப் பாடம் படிக்கும் குரல் கேட்டது. பரீட்சைக்காகப் பள்ளிக்கூடத்தில் லீவு விட்டிருந்தார்கள். முன்பெல்லாம் அவள் அப்படி வாய்விட்டுப் படித்தாலே அக்கா அடக்குவார். அன்று கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, கேட்டுக்கொண்டே நின்றார்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, தொட்டி வளைவு.

அக்கா முன்னால். நான் பத்தடி பின்னால், வெறுங்கையோடு. தொட்டிச் சுவரில் வெயில் விழுந்திருந்தது. வளைவுக்கு வந்ததும் அக்காவின் வலது கை தானாக நீண்டது, அன்றைக்குப் போலவே. அப்படியே நின்றார். எனக்குக் கை பரபரத்தது. ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும், அந்த உடம்பு இளகிவிடும். கையை இரண்டு கக்கத்திலும் வைத்து அழுத்திக்கொண்டேன். தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செடிக்குள்ளிருந்து ஒரு கொண்டைக்குருவி படபடவென்று கிளம்பியது. அக்கா நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தார். ஓடப்போகிறார் என்று நினைத்தேன். ஓடவில்லை. மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தச் செடியையே பார்த்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஃபேக்டரியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. நான் மனசுக்குள் ஜெபித்து, சொல் தீர்ந்து, வெறுமனே நின்றிருந்தேன். அப்போது அக்கா வாயைத் திறந்தார். கத்தப்போகிறார் என்று பயந்தேன். பெரிய கொட்டாவி ஒன்று விட்டார். கண்ணில் நீர் வர, இன்னொன்று.

"என்னடி இது, வரவே இல்ல" என்றார். கல்யாணத்துக்குக் கூப்பிட்ட ஆள் வராத மாதிரி ஒரு குறை அந்தக் குரலில்.

மறுநாளும் போய் உட்கார்ந்து ஏமாந்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை மஸ்டரில் பேர் கூப்பிடும்போது அக்கா இருந்தார். கீர்த்திவாசன் சார் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ரேடியோ வந்தாச்சுங்களா! இன்னைக்கு என்ன நியூஸு?" என்றார்.

"ரேடியோ ரிப்பேருங்க சார். இனிமே நியூஸ் கெடையாது" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். வீடு தங்கியது. ராஜப்ரியா பரீட்சை எழுதினாள்.

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். அடுத்த இரண்டு வருஷமும் தினம் அந்த வளைவில் ஒரு நிமிஷம் நிற்பார், பிறகுதான் போவார். மழைக்காலத்தில் மூன்று நாள் மறுபடியும் உள்ளேயே கிடந்தார், நாலாம் நாள் படியிலிருந்து ஆரம்பித்தோம். ஜன்னல் சாக்கை அவிழ்த்துவிட்டார். குக்கர் மட்டும் பரணிலிருந்து இறங்கவே இல்லை.

ராஜப்ரியா லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, போன ஜூனில் கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீடு பிடித்து அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டாள். அக்கா கிளம்பிய அன்று மூடுபனி. வளைவில் செடியும் தெரியவில்லை, தொட்டியும் தெரியவில்லை. அக்கா முன்னால் நடந்தார். நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். வளைவில் வழக்கம்போல ஒரு நிமிஷம் நின்றார். பனிக்குள் போனார். நானும் போனேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கேட்டேன், "பயமா இருக்குங்களாக்கா?"

"இருக்கு. இங்க வளைவுக்கு அந்தப் பக்கம் மாடுன்னாவது தெரியும். அங்க கதவத் தொறந்தா என்ன நிக்கும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள" என்றார். கண்டக்டர் விசில் அடித்தார், அக்கா திடுக்கிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "தொறந்து பாத்துட்டு உனக்குப் போன் பண்றேன்."